சத்திரசிகிச்சைக்குப் போகிறவரின் பை

அவசரமாகப் பை கட்டுவது எப்படி என்று எமது வாசகர்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. 2025 நவம்பர் 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் வீதியோரத்தில் சரிந்து உயிர்களைப் பறித்தன. அந்த மாதம் முடிவதற்குள் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளில் மிளகும் மரக்கறியும் வைத்துப் பிழைத்த எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடுத்த துணியோடு இறங்கி வந்தன. அதற்கு முந்திய காலங்களில் வேறு காரணங்களால் ஊரை விட்டு வந்தவர்களும் இந்தப் பக்கங்களைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தப் பை பழக்கமானதுதான்.

இந்தப் பாடத்தில் நாம் பேசப்போவது வேறொரு பையைப் பற்றி. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி, கண்ணில் வெண்படலம், உடைந்த எலும்புக்குத் தகடு வைத்தல் என்று எந்த நோயும், வீடு கட்டி முடியும் வரை பொறுத்திருப்பதில்லை. உறவினர் வீட்டுத் திண்ணையிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருக்கும்போதே சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்துவிடுகிறது. வீடு வீடாகப் போய்ப் பேசும்போது நாம் கண்ட ஒன்று உண்டு. பலர் அந்தத் திகதியைத் தள்ளிப்போடுவது கத்திக்குப் பயந்து மட்டுமல்ல. வாட்டில் நாலுபேர் முன்னால் உடுக்க ஒரு நல்ல துணி இல்லை, அடையாள அட்டை மண்ணுக்குள் போய்விட்டது, துணைக்கு நிற்க ஆளில்லை. வெளியே சொல்ல வெட்கப்படும் இந்தக் காரணங்களால் போகாமல் விட்டு, பிறகு வருத்தம் முற்றிய நிலையில் அம்புலன்ஸில் ஏறுகிறார்கள். குடலிறக்கம் இறுகிவிட்டால் சில மணித்தியாலங்களுக்குள் உயிருக்கே ஆபத்து.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கும் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. கடுகண்ணாவைப் பக்கத்தவர்களுக்குக் கண்டி வீதியிலேயே பேராதனைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் கண்டி தேசிய வைத்தியசாலை. பெரியவர்கள் இன்றும் அதைப் பெரியாஸ்பத்திரி என்றே சொல்வார்கள். இந்த இடங்களில் கிடைக்காத சில சின்னச் சாமான்களையும் சில காகிதங்களையும்தான் நாம் கொண்டுபோக வேண்டும். அவற்றைச் சேர்ப்பதற்குப் பணத்தை விட முன்யோசனையே அதிகம் தேவை.

காகிதம் முதலில்

துணியை விட முந்திப் பைக்குள் போக வேண்டியது காகிதம். அனுமதிக் கடிதம், கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே படம், ஸ்கான் முடிவு, முன்பு எங்காவது வாட்டில் இருந்திருந்தால் அப்போது தந்த நோய்நிர்ணய அட்டை, தேசிய அடையாள அட்டை. இவை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் இருவருக்கு அனுப்பிவிடுங்கள். மழையில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

பழைய காகிதங்கள் தொலைந்திருந்தால் என்ன செய்வது? முன்பு எந்த வைத்தியசாலையில், எந்த வருடம், எந்த மாதம், எத்தனையாம் வாட்டில் இருந்தீர்கள் என்பதை வீட்டிலுள்ளவர்களோடு கூடியிருந்து ஞாபகப்படுத்தி எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியசாலையின் பதிவேட்டுப் பகுதியில் தேடுவதற்கு அந்த விபரம் உதவும். அடையாள அட்டை தொலைந்தவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, புதிய அட்டைக்குப் பிரதேச செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஆனால் புதிய அட்டை வரும்வரை சத்திரசிகிச்சையை ஒத்திப்போட வேண்டாம். கடிதத்தோடு போய் நிலைமையைச் சொல்லுங்கள்.

குடிக்கும் மருந்துகளை எல்லாம், அட்டையோடும் போத்தலோடும் அப்படியே கொண்டுபோங்கள். வெள்ளைக் குளிசை, சிவப்புக் குளிசை என்று சொன்னால் வைத்தியருக்கு எதுவும் விளங்காது. இரத்தத்தை ஐதாக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மருந்துகளும், சீனி வருத்தத்துக்கான குளிசைகளும் இன்சுலினும் சத்திரசிகிச்சையோடு நேரடியாகத் தொடர்புடையவை. இவற்றில் சிலவற்றைப் பல நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம். சிலவற்றை நிறுத்தவே கூடாது. அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே திகதி தரும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்தோ கசாயமோ குடித்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

புறப்படும் நாளுக்கு முதல்நாள் வாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது நல்லது. 2022 மார்ச் இறுதியில், நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி, அவசரமானவற்றை மட்டும் செய்ய வேண்டிவந்தது. அன்று தூர இடங்களிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2025 நவம்பரில் கடுகண்ணாவைக் கணவாயில் கொழும்பு – கண்டி வீதி மூடப்பட்டது. திகதி தள்ளிப்போனால் அந்தக் கடிதத்தைக் கிழித்தெறிய வேண்டாம். அதன் பின்பக்கத்திலேயே அடுத்த திகதியை எழுதித் தரும்படி கேளுங்கள்.

நாம் சொல்வது அவர்களுக்கு விளங்க வேண்டும்

கண்டி வாட்டுகளில் வேலை நடப்பது பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். 1987இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எமது மொழியில் பேசக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு, அதைப் பணிவாகவும் தெளிவாகவும் கேட்கலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வயிற்றில் தையலோடு கிடக்கும் ஒரு பாட்டிக்கு உரிமை மட்டும் போதாது. ஆகவே ஒரு முழுத்தாளை எடுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டோ பக்கத்துவீட்டுக்காரரைக் கொண்டோ இவற்றைச் சிங்களத்தில் எழுதுவியுங்கள்: பெயர், வயது, உள்ள வருத்தங்கள், குடிக்கும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏதும் கோளாறு வந்ததா என்பது, அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி இலக்கங்கள். அதன் ஒரு பிரதி பைக்குள் இருக்கட்டும், இன்னொன்றைத் தாதியிடம் கொடுங்கள்.

இதைவிடச் சில சொற்களை நாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நோகிறது என்பதற்கு ‘ரிதெனவா’. தலைசுற்றுகிறது என்பதற்கு ‘ஒலுவ கெரகெனவா’. இரத்தம் வருகிறது என்பதற்கு ‘லே எனவா’. சத்தி வருகிறது என்பதற்கு ‘வமனே யனவா’. மூச்சு எடுக்கக் கஷ்டம் என்பதற்கு ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’. தண்ணீருக்கு ‘வதுர’. மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் தாதியாகவும் இருந்து இந்தச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே படித்த சொல் தேவையான நேரத்தில் மறக்காது. நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது எமது பெண்களின் பழக்கம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அது நல்லதல்ல. நோவுக்குப் பயந்து மூச்சை இழுத்து விடாமலும் எழுந்து நடக்காமலும் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும்.

உடம்புக்கு வேண்டியவை

கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள அலுமாரி மிகச் சிறியது. பெரிய பயணப் பையைக் கொண்டுபோனால் அது கட்டிலுக்குக் கீழே கிடந்து கூட்டுகிறவர்களுக்கு இடைஞ்சலாகும். தோளில் மாட்டும் துணிப்பை ஒன்றே போதும்.

உடுப்பு தளர்வாக இருக்க வேண்டும், முன்பக்கம் திறப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. வயிற்றில் சத்திரசிகிச்சை என்றால் பாவாடை நாடா நேரே தையலின் மேல் வந்து அழுத்தும். ஆகவே பெண்களுக்கு முன்னால் பொத்தான் வைத்த நீளமான கவுண் இரண்டு வேண்டும். ஆண்களுக்குப் பழகிய பழைய சாரம் இரண்டு, பொத்தான் வைத்த சேட் இரண்டு. தலைக்கு மேலால் போடும் பெனியன் கை தூக்க முடியாதவருக்கு உதவாது, சேலைன் ஊசி ஏற்றிய கைக்கும் உதவாது. புதுத்துணி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணியைப் போலச் சுகமானது வேறில்லை. நிவாரணமாக வந்த துணிகளில் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருக்கிறதென்று ஒதுக்கி வைத்த கவுண் இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

துவாய் இரண்டு, சவர்க்காரம், பற்பசை, பிரஷ், சீப்பு, மூடியுள்ள கோப்பை ஒன்று, கரண்டி, ஒரு தட்டு, சுடுதண்ணீருக்குப் பிளாஸ்க். படுத்தபடி குடிக்க இரண்டு மூன்று உறிஞ்சு குழாய்கள் இருந்தால் பெரிய உதவி. பெண்கள் எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மாதவிடாய்த் துணியோ பாடோ கொண்டுபோக வேண்டும், பயத்திலும் அலைச்சலிலும் நாள் முந்திவிடுவது உண்டு. அழுக்குத் துணிக்குத் தனியாக ஒரு பை. வழுக்காத அடியுள்ள, காலுக்குப் பழகிய ரப்பர் செருப்பு. தேய்ந்து வழுவழுத்த செருப்போடு ஈரமான கழிவறைக்குப் போய் விழுந்தால் ஒரு வருத்தம் இரண்டாகும்.

கண்டிப் பக்கத்து இரவுகள் மார்கழி, தை மாதங்களில் குளிரும். மெல்லிய போர்வை ஒன்று வேண்டும். தொலைபேசியும் சார்ஜரும் இருக்கட்டும், ஆனால் முக்கிய இலக்கங்கள் காகிதத்திலும் இருக்க வேண்டும். கையில் சிறிது சில்லறைப் பணம் மட்டும். வாட்டில் இல்லாத ஒரு மருந்தையோ பரிசோதனையையோ வெளியே பார்க்கச் சொன்னால் அதற்கான பணம் துணைக்கு வருபவரின் மடியில் இருக்கட்டும்.

இவற்றோடு ஒரு சின்னத் தலையணையையும் சேர்க்கச் சொல்கிறோம். தலைக்கு அல்ல, வயிற்றுக்கு. வயிற்றிலோ நெஞ்சிலோ தையல் இருக்கும்போது இருமலும் தும்மலும் உயிர் போவது போல வலிக்கும். தலையணையைத் தையலின் மேல் இரண்டு கையாலும் மெதுவாக அணைத்து அழுத்திக்கொண்டு இருமினால் வலி பாதியாகக் குறைந்தது போலிருக்கும், தையலுக்கும் தாங்கலாகும். தலையணை இல்லாவிட்டால் துவாயை நாலாக மடித்தும் செய்யலாம். வீட்டில் இருக்கும்போதே இதைப் பழகுங்கள்: தலையணையை அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்து, சற்றுப் பிடித்து, மெதுவாக விடுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை இப்படிப் பத்து மூச்சு எடுத்தால் நுரையீரலில் சளி கட்டுவது குறையும்.

தாலி, தோடு, மூக்குத்தி

இதைப் பேசாமல் விட முடியாது. தியேட்டருக்குள் போகுமுன் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். அவமதிப்பதற்காக அல்ல. இரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்தும்போது உடம்பில் உள்ள உலோகத்தால் சுட்டுப் புண்ணாகலாம். கை வீங்கினால் மோதிரம் விரலை இறுக்கும். தாலியைக் கழற்ற வேண்டும் என்றதும் தியேட்டர் வாசலில் அழுது, இரத்த அழுத்தம் கூடி, சத்திரசிகிச்சை தள்ளிப்போவதை விட, முதல்நாளே வீட்டில் பேசி முடிவெடுப்பது நல்லது. மஞ்சள் கயிற்றை மட்டும் விடலாமா என்று தாதியிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்றால் கணவரோ தாயோ தன் கையாலேயே கழற்றி வாங்கி வைத்திருந்து, திரும்பி வந்ததும் அணிவிக்கட்டும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே பொன் அதுவாகத்தான் இருக்கும். அதை வாட்டு அலுமாரியில் வைக்கவே வேண்டாம்.

நகப்பூச்சையும் மருதாணியையும் தவிருங்கள். விரலில் மாட்டும் கருவி நகத்தின் ஊடாகவே இரத்தத்தில் உள்ள ஒட்சிசனைப் பார்க்கிறது. வெற்றிலை போடுகிறவர்களும் புகைக்கிறவர்களும் திகதி கிடைத்த நாளிலிருந்தே நிறுத்தினால் காயம் விரைவில் ஆறும். பொய்ப்பல் இருந்தால் போட்டுவைக்க ஒரு மூடியுள்ள டப்பா தேவை.

முதல்நாள் இரவு சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளியுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் இருந்தால் அன்றைக்கு ஒருவருக்காவது இரண்டு வாளி கூடுதலாகக் கொடுக்க அயலவர்கள் மனம் வைக்க வேண்டும். ஆனால் சத்திரசிகிச்சை செய்யும் இடத்து மயிரை வீட்டில் பிளேடால் வழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி ஏறும். தேவையானால் அங்கேயே செய்வார்கள். சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்தச் சொன்னார்களோ அதற்குப் பிறகு ஒரு வாய் கஞ்சியும் கூடாது. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பசிக்கிறதே என்று பிள்ளையின் வாயில் இரகசியமாகப் பிஸ்கட் வைக்கும் பாட்டிமாருக்கு இதை முக்கியமாகச் சொல்லி வையுங்கள்.

துணைக்கு நிற்பவர்

எல்லா வாட்டிலும் இரவில் துணைக்கு ஆள் நிற்க விடமாட்டார்கள். விடுகிற இடத்திலும் அனுமதிச் சீட்டு வேண்டும், பெண்கள் வாட்டில் பெண்தான் நிற்கலாம். அந்தத் துணைக்கும் ஒரு பை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மாற்றுத் துணி, விரிக்க ஒரு துணி, பஸ் காசு, தன் மருந்து. ஒரே மகள் நாலு நாள் நின்றால் நாலு நாள் கூலி போகிறது, அவளும் படுக்கையில் விழுகிறாள். மூன்று பேர் முறைவைத்து நிற்கத் திட்டமிடுங்கள். சொந்த ஊர் விட்டு வந்தவர்களுக்குச் சொந்தம் பக்கத்தில் இருக்காது. அந்த இடத்தில் சங்கத்துப் பெண்கள் நிற்கலாம். ஒரு நாள் துணைநிற்பது ஒரு நாள் சிரமதானத்துக்குக் குறைந்த வேலை அல்ல.

சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் கொடுப்பதற்கு முன் தாதியிடம் கேளுங்கள். வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு காற்றுப் பிரிந்ததா என்று அவர்கள் கேட்பது வேடிக்கைக்கு அல்ல. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அது அடையாளம்.

திரும்பிப் போகும் இடம்

டிக்கட் வெட்டும் நாளை நினைத்தே பையைக் கட்ட வேண்டும் என்று நாம் சொல்வோம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். எமது வாசகர்களில் பலர் போவது சீமெந்துத் தரையில் பத்துப் பேர் படுக்கும் இடத்துக்கு. இதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் இல்லை, கழிவறை தூரம், கட்டில் இல்லை என்று தெரிந்தால், இன்னும் ஓரிரு நாள் வைத்திருக்கவோ, கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றவோ அவர்கள் யோசிக்கக்கூடும். சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கிளம்புமுன் நோய்நிர்ணய அட்டையைக் கையில் வாங்குங்கள். மருந்து எத்தனை நாளைக்கு, தையல் எப்போது எங்கே வெட்டுவது, காயத்தில் எப்போது தண்ணீர் படலாம், அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டு எழுதுங்கள். விவசாயிகள் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: மண்வெட்டி எப்போது பிடிக்கலாம்? மருந்தடிக்கும் தாங்கியை எப்போது முதுகில் சுமக்கலாம்? பாரம் தூக்காதீர்கள் என்று பொதுவாகச் சொன்னால், வைத்தியருக்கு ஒரு பாரம், எமக்கு ஒரு பாரம். தண்ணீர் நிறைந்த வாளியும் இடுப்புப் பிள்ளையும் எமக்குப் பாரமாகவே தெரிவதில்லை. வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் பல கிழமைகளுக்கு இவை கூடாது. அவசரமில்லாத சத்திரசிகிச்சையானால், பெரும்போக அறுவடைக்குப் பிறகு திகதி தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. நோய் பொறுக்குமா என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்யட்டும்.

காயம் முழுதாக ஆறும்வரை வயல் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி தோலில் உள்ள புண்ணின் ஊடாகவே உள்ளே போகிறது. காயத்தில் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதையும் பூசாதீர்கள். கிரந்தி என்று சொல்லி முட்டையையும் மீனையும் ஒதுக்கி, ஒரு மாதம் வெறும் இரசமும் சோறும் கொடுக்கும் பத்தியத்தோடு எமக்கு உடன்பாடில்லை. வைத்தியர் விலக்கச் சொன்னதை விலக்குங்கள். மற்றபடி பிய்ந்த சதை கூடுவதற்குப் பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் வேண்டும். வீட்டில் ஒரு முட்டைதான் இருக்கிறது என்றால் அந்தக் கிழமைகளில் அது சத்திரசிகிச்சை செய்தவருக்கே போகட்டும், அவர் தாயாக இருந்தாலும்.

பயணத்துக்குச் சின்னத் தலையணை மறுபடி உதவும். பஸ்ஸிலோ முச்சக்கரவண்டியிலோ குழியில் விழும்போது வயிற்றில் அணைத்துப் பிடிக்கலாம். வீடு வந்தபின் காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு, சீழ், நிற்காத இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல் இருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே கிட்ட உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ இரத்தம் பெருகினாலோ 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் வரும். கொட்டிலுக்கு வழி சொல்ல, வீதியில் ஒரு பிள்ளையை டோர்ச்சோடு நிறுத்துங்கள். நோய்நிர்ணய அட்டை உள்ள பிளாஸ்டிக் உறை, கையெட்டும் இடத்தில், நிலத்திலிருந்து உயரமாக ஓர் ஆணியில் தொங்கட்டும்.